வேர்ட்ஸ்வொர்த் இயற்கையை இழந்தாரா, வேறு விதமாகப் பெற்றாரா? டின்டர்ன் கவிதை குறித்து ஓர் ஐயம்

கேள்வி கேட்டவர்: சிப்புட் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவம் பயில்கிறேன்; ஆங்கில இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1798 ஜூலை 13 என்று தலைப்பிலேயே நாள் குறித்து எழுதிய டின்டர்ன் மடத்துக் கவிதையை இரண்டு வாரமாகத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறேன். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு வை ஆற்றங்கரைக்கு வந்த கவிஞர், இடம் அப்படியே இருக்கத் தாம் மாறிவிட்டதை உணர்ந்து எழுதியது அது. வகுப்பில் அதை மூன்று படிகளாகப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். சிறுவயதில் உடம்பால் ஓடியாடி அடைந்த இன்பம் முதற்படி. இளமையில் அருவியின் ஓசையும் மலையும் அடர்ந்த காடும் பசியைப் போலப் பிடித்து ஆட்டிய வேட்கை இரண்டாம் படி. மனித வாழ்வின் மெல்லிய சோக இசையை இயற்கைக்குள்ளிருந்தே கேட்கத் தெரிந்த பக்குவம் மூன்றாம் படி. தேர்வுக்கு இவ்வளவு போதும் என்றே நினைக்கிறேன். ஆனால் மனம் அதில் அடங்கவில்லை.

இழந்ததற்கு ஈடாக நிறையவே கிடைத்திருக்கிறது என்று 1798இல் சொன்னவர், 1802இல் தொடங்கிய அமரத்துவப் பாடலில், முன்பு கண்டவற்றை இப்போது காண முடியவில்லையே, அந்த ஒளியும் கனவும் எங்கே போயின என்று கேட்டு, நான்காம் பத்தியோடு நிறுத்திவிடுகிறார். அதற்கு விடை எழுத அவருக்கு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஈடு கிடைத்துவிட்டது என்றால் மறுபடியும் ஏன் ஏங்க வேண்டும்? அவர் படிப்படியாக வளர்ந்தாரா, அல்லது ஒவ்வொரு முறையும் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டாரா?

இதைக் கேட்பதற்கு என் வீட்டிலும் ஒரு காரணம் இருக்கிறது. என் பாட்டி பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். அவரும் தாத்தாவும் குடியிருந்த லயன் வீடுகள், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இன்று செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை நிற்கிறது. காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களம் எந்த இடத்தில் இருந்தது என்று எனக்குக் காட்டக்கூட அவரால் முடியவில்லை. அந்தக் காலத்து விடியலைப் பற்றி, மரங்களுக்கிடையே படர்ந்திருந்த பனியைப் பற்றி நான் கேட்டால், "அதையெல்லாம் யாரு பார்த்தா? மழை வருமா வராதான்னுதான் வானத்தப் பார்ப்போம்" என்பார். மரம் நனைந்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை. அப்படிச் சொல்பவர்தாம் இந்த ஓராண்டாக, பால்மரம் நிற்கிற இடத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போ என்று அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வேர்ட்ஸ்வொர்த்துக்குத் திரும்பி வர ஓர் ஆறு அப்படியே காத்திருந்தது. திரும்பிப் போக இடமே இல்லாதவர்களிடம் இந்தக் கவிதை என்ன பேசும்? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கரும்பலகை

மகளே, நான் 28 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த மூன்று படிகளை நானும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதற்காகச் செய்தோம். ஆனால் கவிதைகளை அவை எழுதப்பட்ட ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் அந்தப் படிக்கட்டு நிற்பதில்லை. உன் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது.

முதலில் வயதைப் பார். பக்குவம் என்ற சொல்லைக் கேட்டதும் நரைத்த தலை ஒன்றை நினைத்துக்கொள்கிறோம். 1770 ஏப்ரலில் பிறந்த வேர்ட்ஸ்வொர்த்துக்கு டின்டர்ன் கவிதையை எழுதியபோது வயது 28. அவர் ஏங்கி நினைக்கும் அந்த 'இளமை' 1793இல், 23 வயதில் இருந்தது. அந்த ஆண்டு அவருக்கு எத்தகைய ஆண்டு என்பதை வகுப்பில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தைய டிசம்பரில் பிரான்ஸில் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். பிப்ரவரியில் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் போர் மூண்டது. தாயும் குழந்தையும் அந்தக் கரையில், இவர் இந்தக் கரையில். அந்தக் கோடையில்தான் தனியாக நடந்து வை ஆற்றுப் பக்கம் முதன்முறை போனார். விரும்பிய ஒன்றைத் தேடிப் போனவனைப் போல் இல்லை, அஞ்சிய ஒன்றிடமிருந்து தப்பி ஓடுபவனைப் போல் இருந்தேன் என்று கவிதையிலேயே சொல்கிறார். அருவி அவரைப் பிடித்து ஆட்டியது என்றால் அந்த ஆட்டத்துக்குள் இந்தப் பதைப்பும் இருந்தது. ஆகவே இரண்டாம் படியை மாசற்ற இன்பம் என்று எழுதிவிடாதே.

அடுத்தது குழந்தைப் பருவம். டின்டர்ன் கவிதையில் அதற்குக் கிடைத்த இடம் அடைப்புக்குறிக்குள் இரண்டே அடிகள். அந்த முரட்டு இன்பங்களெல்லாம் கழிந்துபோயின என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிறார். ஆனால் அதே ஆண்டின் குளிர்காலத்தில், தங்கை டாரதியுடன் ஜெர்மனியின் கோஸ்லார் நகரில், கடுங்குளிரில் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, அவர் எழுதத் தொடங்கியது முழுக்க முழுக்க அந்தக் குழந்தைப் பருவத்தைத்தான். பின்னாளில் 'பிரிலூட்' என்று பெயர் பெற்ற நெடுங்கவிதையின் வித்து அது. இரண்டு அடிகளில் கடந்துபோன இடத்துக்கே சில மாதங்களில் திரும்பி வந்து, வாழ்நாள் முழுவதும் அதைவிட்டு நகராமல் இருந்தார் என்பதே எனக்கு அவருடைய கதையில் பெரிய செய்தியாகப் படுகிறது.

அதில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, ஒரு மாலை நேரம், உல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கட்டியிருந்த ஓர் இடையனின் படகைக் கேளாமல் அவிழ்த்துக்கொண்டு போகிறான் பையன். துடுப்பு வலிப்பவன் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பான். அவன் கண் விட்டுவந்த கரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நேராகப் போக வேண்டுமென்று கரையோரப் பாறைமுகடு ஒன்றில் கண்ணை ஊன்றி வலிக்கிறான். கரையிலிருந்து விலக விலக, அந்த முகட்டுக்குப் பின்னால் அதுவரை மறைந்திருந்த ஒரு பெருமலை கரிய தலையைத் தூக்குகிறது. அவன் வலிக்க வலிக்க அது உயர்ந்துகொண்டே வந்து, விண்மீன்களை மறைத்து, உயிருள்ள ஒன்று எட்டு வைத்துத் துரத்துவதைப் போல வருகிறது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. தொலைவு கூடக் கூடப் பின்னாலிருக்கும் மலை தெரியத்தான் செய்யும். ஆனால் திருடிய படகில் நடுங்கிக்கொண்டு இருக்கும் பையனுக்கு அது தண்டனை. பிறகு பல நாட்கள் அவன் மனத்தில் மரங்களின் பழகிய உருவமும் இல்லை, வயல்களின் பச்சையும் இல்லை. பெரிய, இனம் தெரியாத வடிவங்கள் மட்டுமே அசைந்துகொண்டிருந்தன. அழகும் அச்சமும் சேர்ந்து தம்மை வளர்த்தன என்று அவர் சொல்வது இதை வைத்துத்தான். எட்டு வயது நிறையும் முன்பே தாயையும், பதின்மூன்று வயதில் தந்தையையும் இழந்த பிள்ளைக்கு மலை அதட்டும் பெரியவராகவும் இருந்தது என்று நான் எண்ணுவதுண்டு.

இனி உன் நேர்க்கேள்விக்கு வருகிறேன். ஈடு கிடைத்துவிட்டது என்று அவர் உறுதியாகச் சொன்னார் என்றா எழுதினாய்? அந்த அடியை இன்னொரு முறை படி. ஏராளமான ஈடு கிடைத்தது என்று 'நம்ப விரும்புகிறேன்' என்கிறார். இன்னோரிடத்தில், இது வெறும் வீண் நம்பிக்கையாகவே இருந்தாலும், என்று தொடங்கிப் பாதியில் நிறுத்துகிறார். ஐயம் உனக்கு வருமுன்பே அவருக்கு வந்துவிட்டது. 1802இன் கேள்வி 1798இன் கவிதைக்குள்ளேயே ஒளிந்திருந்தது.

உண்மையான உடைப்பு 1805இல் வந்தது. டின்டர்ன் கவிதையின் கடைசிப் பகுதியில், தன்னை நேசித்த நெஞ்சுக்கு இயற்கை ஒருபோதும் துரோகம் செய்ததில்லை என்று தங்கையிடம் சொல்லியிருந்தார். 1805 பிப்ரவரி 5ஆம் நாள், அவருடைய தம்பி ஜான் தலைவராக இருந்த கிழக்கிந்தியக் கப்பல் இங்கிலாந்தின் தென்கரையோரத்தில் மூழ்கி, ஜானும் இறந்துபோனார். மறு ஆண்டு, புயல்கடலின் நடுவே பீல் கோட்டை நிற்பதாக நண்பர் பியூமான்ட் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து ஒரு கவிதை எழுதினார். அந்தக் கோட்டைக்கு அருகே முன்பு ஒரு கோடையில் நான்கு வாரங்கள் தங்கியிருந்ததை நினைக்கிறார். அன்று கடல் கண்ணாடி போலக் கிடந்தது. அன்று நான் ஓவியனாக இருந்திருந்தால் அந்த அமைதியையே தீட்டியிருப்பேன். இனி அப்படித் தீட்ட மாட்டேன். ஒரு பெருந்துயரம் என் உள்ளத்தை மனிதத்தன்மை உடையதாக்கிவிட்டது என்கிறார். துரோகம் செய்யாது என்ற அடியையும் இந்த அடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துப் பார். இடையில் இருப்பது எட்டு ஆண்டுகள் மட்டுமே.

அவர் தேற்றிக்கொண்டார் என்பது உண்மை. வளர்ந்தார் என்பதும் உண்மை. அமரத்துவப் பாடல், பீல் கோட்டைக் கவிதை, டாஃபொடில் மலர்களைத் தனிமையில் நினைத்து மகிழும் கவிதை எல்லாவற்றையும் 1807இல் ஒரே தொகுப்பில் அச்சிட்டார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவற்றை மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அந்த நேர்மைக்காகவே நான் அவரை இன்றும் படிக்கிறேன்.

மறுமொழி: செம்பனை நிழல்

ஆசிரியர் ஐயா சொன்னவற்றைப் படித்து நிறையக் கற்றுக்கொண்டேன். தங்கை கடைசியாகக் கேட்டதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது செம்பனை ஆலை ஒன்றின் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். டின்டர்ன் கவிதையில் வீடில்லாத காட்டுவாசிகள் சிலர் இருக்கக்கூடும் என்று தூரத்துப் புகையை வைத்து ஊகிப்பதோடு கவிஞர் நின்றுவிடுகிறார். அந்தக் காலத்தில் அந்த மடத்தின் இடிபாடுகளுக்குள் பிச்சைக்காரர்கள் வாழ்ந்தார்கள். அருகிலேயே இரும்பு ஆலைகள் இயங்கின. மடத்தின் பெயர் தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. கவிதைக்குள் மடமே இல்லை. அதனால்தான் மனித வாழ்வின் சோக இசை அவருக்கு மெல்லியதாகக் கேட்டதோ என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. கிட்டப் போயிருந்தால் இருமல் சத்தம் கேட்டிருக்கும்.

ஆனாலும் 'லிரிக்கல் பேலட்ஸ்' என்ற கவிதைத் தொகுப்புக்கு 1800ஆம் ஆண்டு எழுதிய முன்னுரையில், எளிய நாட்டுப்புற மக்களின் வாழ்விலும் பேச்சிலும்தான் மனித உணர்ச்சிகள் கலப்பில்லாமல் இருக்கின்றன என்று எழுதியவரும் இவர்தாம். அதே ஆண்டு எழுதிய 'மைக்கேல்' என்ற கவிதையில், பட்டணத்துக்குப் போய்க் கெட்டு நாட்டைவிட்டே ஓடிப்போன மகனுக்காக, கட்டி முடியாத ஆட்டுக் கிடையின் அருகே ஒரு கல்லைக்கூடத் தூக்கி வைக்காமல் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருவர் வருகிறார். அதைப் படித்தபோது என் தாத்தாவை நினைத்து அழுதிருக்கிறேன். அப்படி எழுதியவர், 1844இல் கெண்டலிலிருந்து வின்டர்மியருக்கு ரயில் பாதை போடத் திட்டமிட்டபோது, 74 வயதில், அதை எதிர்த்து ஒரு பதினான்கடிப் பாடலும் நாளிதழுக்குக் கடிதங்களும் எழுதினார். மலையும் ஏரியும் காக்கப்பட வேண்டும் என்ற அளவில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் இயற்கையழகைச் சுவைக்கும் திறன் பிறவியிலேயே வருவதில்லை, மெல்ல மெல்லப் பழகித்தான் வர வேண்டும், ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்குப் பயனில்லை என்றும் வாதிட்டார். இது என்னைச் சுடுகிறது. மாணவி கேட்ட 'மாற்றம்' என்பதில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இயற்கை மேல் அவருக்கிருந்த பற்று குறையவில்லை. அந்தப் பற்றுக்கு யார் யார் உரியவர்கள் என்ற வட்டம்தான் சுருங்கிவிட்டது. ரயில் 1847இல் ஓடத் தொடங்கியது.

தங்கையின் பாட்டி அழகைப் பார்க்கவில்லை என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலை செய்பவரின் கண் பார்ப்பதை 'அழகு' என்ற சொல்லால் அவர்கள் சொல்வதில்லை. என் அம்மா மங்கை, அதாவது பால் வடியும் கிண்ணத்தை, துடைத்துக் கவிழ்த்து வைக்கும்போதே, இன்று இந்த மரம் எவ்வளவு பால் கொடுத்தது, நாளை எவ்வளவு கொடுக்கும் என்று சொல்வார். ஒரு நிரையிலுள்ள மரங்களை ஆட்களைப் போலப் பெயர் வைத்துச் சொன்னவர்களை எனக்குத் தெரியும். அதுவும் ஓர் உறவுதானே. நடப்பட்ட மரம், அதனால் அது இயற்கை ஆகாது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் வேலிக்குள் மரமாக நிற்கிறது; வேர்ட்ஸ்வொர்த் பாடிய, இங்கிலாந்தின் அந்த ஏரி நாட்டுக் குன்றுகளும் ஆடு மேய்த்தும் கல்வேலி கட்டியும் மனிதர்கள் உருவாக்கிய நிலங்கள்தாம்.

திரும்பிப் போக இடமில்லாதவர்களுக்கு இந்தக் கவிதை என்ன சொல்லும் என்று கேட்டீர்கள். அதற்கு விடை கவிஞரிடம் இல்லை, அவர் தங்கையிடம் இருக்கிறது என்பது என் எண்ணம். டின்டர்ன் கவிதையின் கடைசிப் பகுதி முழுவதும் டாரதியை நோக்கியே பேசப்படுகிறது. பின்னாளில் உனக்குத் தனிமையோ அச்சமோ நோவோ வந்தால், இந்த இடத்தின் நினைவு உனக்கு மருந்தாகட்டும் என்று அண்ணன் வாழ்த்துகிறார். அது வெறும் வாழ்த்தாக நின்றுவிடவில்லை. 1829 தொடங்கி டாரதிக்கு உடல்நலம் குன்றியது. மலைமலையாக நடந்து திரிந்தவர், டாஃபொடில் மலர்களைக் கவிதை பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1802 ஏப்ரல் 15ஆம் நாள் அண்ணனோடு சேர்ந்து பார்த்துத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர், அறைக்குள் அடைந்து கிடந்தார். 1832இல் அந்த நோய்ப்படுக்கையிலிருந்து ஒரு கவிதை எழுதினார். இந்தத் தனியறையில் நான் சிறைப்பட்டவள் இல்லை, வை ஆற்றின் பச்சைக் கரைகளைக் கண்டேன், அன்று நீ முன்கூட்டிச் சொன்ன சொற்களை நினைத்துக்கொண்டேன் என்று அதில் அண்ணனுக்கு விடை சொல்கிறார். இம்முறை காலால் அவர் அங்கே போகவில்லை. 34 ஆண்டுகள் கழித்துப் படுத்தபடியே போனார்.

டாஃபொடில் கவிதையில் மேகத்தைப் போலத் தனியாகத் திரிந்தேன் என்று எழுதிய அண்ணனைவிட, இந்தத் தங்கையைத்தான் உங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் வைப்பேன்.

மறுமொழி: மருதத்துறை

இங்கே பேசப்படுவதைப் படிக்கும்போது புறநானூற்றின் 242, 243ஆம் பாடல்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டும் அடுத்தடுத்து நிற்பவை, இரண்டுமே கையறுநிலை என்ற துறையில் அமைந்தவை.

243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டிலுள்ள தொடரை வைத்தே தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். பூண் கட்டிய கோலை ஊன்றி, நடுங்கிக்கொண்டு, இருமலுக்கிடையே ஓரிரு சொல் பேசும் முதியவர் ஒருவர் தம் சிறுவயதை நினைக்கிறார். மணலில் பாவை செய்து பூச்சூட்டிய பெண்பிள்ளைகளோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், நீரருகே சாய்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மருள, 'துடுமென' மடுவில் பாய்ந்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்ததும் அவர் கண்முன் நிற்கின்றன. ஆழத்துக்குப் போய்வந்ததற்கு அந்தக் கைப்பிடி மணல்தான் சான்று. அந்தப் பருவத்தை அவர் 'கல்லா இளமை' என்கிறார். வேர்ட்ஸ்வொர்த் அடைப்புக்குறிக்குள் வைத்த அந்த முரட்டு இன்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. அந்த இளமை இப்போது எங்கே இருக்கிறதோ என்று கேட்கிறார் முதியவர். கேட்டதோடு பாட்டு முடிகிறது. ஈடு உண்டா இல்லையா என்ற பேச்சே அங்கு எழவில்லை. இறந்த தலைவனுக்காகப் பாடும் கையறுநிலையைத் தம் இளமைக்காகப் பாடியிருக்கிறார் என்பதை எண்ண எண்ண வியப்பாக இருக்கிறது.

242ஆம் பாடலில் குடவாயிற் கீரத்தனார் முல்லையைப் பார்த்துப் பேசுகிறார். இளைஞரும் சூட மாட்டார், வளையணிந்த மகளிரும் கொய்ய மாட்டார், பாணனும் சூட மாட்டான், பாடினியும் அணிய மாட்டாள். வல்வேல் சாத்தன் மாய்ந்த பின்பும் ஒல்லையூர் நாட்டில் முல்லையே நீயும் பூத்தாயோ என்று கேட்கிறார். அமரத்துவப் பாடலின் நான்காம் பத்தியில் ஒரு மரமும் ஒரு வயலும் காலடியில் ஒரு சிறு பூவும் போய்விட்ட ஒன்றைப் பற்றியே பேசுகின்றன என்று வேர்ட்ஸ்வொர்த் சொல்லுமிடத்தை இதோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். இருவருக்கும் பூதான் வலிக்கிறது. ஆனால் கீரத்தனார் பூவைக் கேட்கிறார். வேர்ட்ஸ்வொர்த் தம்மைக் கேட்டுக்கொள்கிறார்.

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், எனக்கு அமரத்துவப் பாடலின் முதல் நான்கு பத்திகளே போதும் என்று தோன்றுகிறது. அதன்பின் 1804இல் எழுதிச் சேர்த்தவற்றில் அழகு குறைவில்லை. கடைசியில் மிக எளிய பூ ஒன்றும் கண்ணீருக்கு எட்டாத ஆழத்து எண்ணங்களைத் தருகிறது என்று சொல்லுமிடம் பெரியதுதான். ஆயினும் கேள்வியோடு நிறுத்தியிருந்த அந்த இரண்டு ஆண்டுகள் அவர் கோலூன்றிய அந்த முதியவருக்கு மிக அருகில் இருந்தார்.

மறுமொழி: கரும்பலகை

மன்னிப்பு எதற்கு? அந்த இரண்டு புறப்பாட்டுகளையும் நான் வகுப்பில் இதனோடு சேர்த்துக் கற்பிக்காமல் போனேனே என்றுதான் வருத்தமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். கேள்வியோடு நிறுத்திக்கொள்வது முதியவருக்கு இயலும். வேர்ட்ஸ்வொர்த் 1802இல் 32 வயதுக்காரர். அவ்வாண்டு அக்டோபரில் திருமணம் செய்துகொண்டவர். அதன்பின் 48 ஆண்டுகள் வாழ்ந்தவர். வாழ வேண்டியிருந்ததால் விடை தேடினார். 1812இல் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தபோதும் அந்த விடையைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருப்பார். பிற்காலத்தில் அவர் 'பிரிலூட்'டைத் திருத்திக்கொண்டே இருந்ததில், இளமையில் இயற்கைக்குள்ளேயே கண்ட அந்தப் பெயரற்ற பேருயிர், திருச்சபை ஏற்கும் கடவுளை நோக்கி மெல்ல நகர்ந்துவிட்டது. அவர் இறந்த 1850இல் வெளிவந்தது அந்தத் திருத்திய வடிவம். 1805இல் எழுதி முடித்த வடிவம் 1926இல்தான் அச்சேறியது. மகளே, இரண்டும் கிடைத்தால் படகுப் பகுதியை இரண்டிலும் படி. எனக்கு 1805தான்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: சிப்புட் மாணவி

ஐயா, அக்கா, மருதத்துறை ஐயா, மூவருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. எழுதுவதற்கு முன் ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா பாட்டியைக் கோலகங்சார்ப் பக்கம் அழைத்துப் போனார். அப்பாவோடு வேலை செய்யும் மலாய்க்காரப் பெரியவர் ஒருவருக்கு அங்கே இரண்டு ஏக்கர் பால்மரம் இருக்கிறது. இலையுதிரும் காலம் என்பதால் பாதி மரங்கள் மொட்டையாக நின்றன. மீதியில் இலைகள் சிவந்து, காற்று வீசும்போதெல்லாம் கொத்துக் கொத்தாக விழுந்தன. வண்டியில் போகும்போது டாரதியின் கதையைப் பாட்டிக்குச் சொன்னேன். படுக்கையில் கிடந்தபடி ஆற்றைப் பார்த்தார் என்றபோது, "அண்ணன்காரன் வந்து பார்த்துக்கிட்டானா?" என்று மட்டும் கேட்டார். கடைசிவரை ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார் என்றேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

தோப்புக்குள் நுழைந்ததும் அவர் காட்டைப் பார்க்கவில்லை. நேரே ஒரு மரத்தருகே போய்ப் பட்டையைத் தடவினார். பழைய வெட்டுக் கோடுகள் மீது ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழாக இழுத்துக்கொண்டே வந்து, முடிச்சாகப் புடைத்திருந்த ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க கத்தி ஆழமாப் போயிருச்சு. கை பழகாத ஆளு. மரம் காயம் பட்டு ஆறியிருக்கு" என்றார். எத்தனை ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் செய்த பிழையோ, பாட்டியின் விரலுக்கு அது தெரிந்துவிட்டது. அக்கா எழுதியதை அந்த இடத்தில்தான் புரிந்துகொண்டேன். படகில் வந்த மலையைப் பற்றி ஐயா சொன்னதுகூட அப்போது நினைவுக்கு வந்தது. முன்னால் இருப்பது விலகினால்தான் பின்னால் இருப்பது எழும்பும்.

பிறகு பெரியவரிடம் மலாயில் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்துவந்து கொடுத்தார். பாட்டி முதலில் கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை நுனியில் பிடித்து ஒரே இழுப்பில் நாடாபோல உரித்துச் சுருட்டினார். மங்கைக் கவிழ்த்துத் தட்டிச் சருகை உதறிவிட்டு நிமிர்த்தி வைத்தார். கால்களைச் சற்று அகற்றி நின்று, இடமிருந்து வலமாகச் சரிவாக, இழை இழையாகச் சீவிக்கொண்டு வந்தார். 22 ஆண்டுகள் கத்தி பிடிக்காத கை. மரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் எழுந்தது, உடனே ஒன்றும் வழியவில்லை. மணி பத்தைத் தாண்டியிருந்தது, அதுவும் இலையுதிர் காலம். சற்றுப் பொறுத்துக் கோடு திரண்டு, சரிவில் மெல்ல இறங்கி, தகட்டின் நுனியில் வந்து தொங்கியது.

மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழை வரும்போல இருக்கிறது, கிளம்பலாம் அம்மா, என்றார் அப்பா. முதற்சொட்டு மங்கில் விழும்வரை பாட்டி வானத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.